ஆம்புலன்ஸ் வாங்கித் தந்தோம். உள்ளே அமர யாரைப் படிக்க வைத்தோம்?

 

கல்லூரிச் சேர்க்கைப் பரபரப்பு ஊரெங்கும் நிறைந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை. ஆட்டையாம்பட்டியில் ஜும்ஆ தொழுகை முடிந்து, பள்ளிவாசல் வாசலில் நாம் நான்கைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். விசைத்தறியில் கூலிக்கு நெய்யும் சகோதரர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். அவருடைய மகள் மேல்நிலைத் தேர்வில் அறிவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். ஆனால் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு நீட் மதிப்பெண் வரவில்லை.

"விபத்து, அவசர சிகிச்சைன்னு பி.எஸ்சி.யில ஒரு படிப்பு இருக்காம். ஆம்புலன்ஸ்ல கூடப் போய் உயிரைக் காப்பாத்துற வேலையாம். புள்ள அதைத்தான் படிப்பேன்னு நிக்குது. சேர்க்கலாமா பாய்?" என்று அவர் கேட்டார்.

"ஆம்புலன்ஸில் போகிற வேலையா? அதுவும் பெண் பிள்ளைக்கா?" என்றார் ஒருவர். "நாலு வருஷம் படிச்சிட்டு என்ன சம்பளம் வரப்போகுது? பி.காம். சேர்த்து விடுங்க" என்றார் மற்றொருவர். "டாக்டருக்குப் படிச்சா பெருமை. இது என்ன படிப்பு?" என்றார் இன்னொருவர். நாமோ ஏதும் சொல்லத் தெரியாமல், "விசாரிச்சுப் பார்க்கலாம்" என்று மழுப்பினோம். அவர் "சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று அவருக்குத் தந்திருக்க வேண்டிய பதிலை இன்று எழுதுகிறோம். இந்தக் கேள்வி அந்தத் தந்தைக்கு மட்டும் உரியதன்று. ஆம்புலன்ஸ் வாங்குவதற்கு வாரி வழங்கும் ஒரு சமுதாயம், அதனுள் அமர்ந்து உயிர் காக்கும் கல்விக்கு ஏன் ஒரு பிள்ளையைக்கூட அனுப்பத் தயங்குகிறது என்பதே அதனுள் இருக்கும் கேள்வி.

பெயரில் ஒரு குழப்பம்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊர்களில் 'பாராமெடிக்கல்' என்றால் ஆய்வக நுட்பநர், எக்ஸ்ரே நுட்பநர், டயாலிசிஸ் நுட்பநர், அறுவை அரங்க நுட்பநர் என மருத்துவருக்குத் துணை நிற்கும் எல்லாப் படிப்புகளையும் சேர்த்தே குறிக்கிறோம். 'பாராமெடிக்' என்பது அவற்றுள் ஒன்று. விபத்து நடந்த சாலையிலோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்ந்த வீட்டுக் கூடத்திலோ சிகிச்சையைத் தொடங்கி, மருத்துவமனை வாசல் வரை அந்த உயிரைத் தாங்கிப் பிடிப்பவரே பாராமெடிக். மற்ற நுட்பநர்களிடம் நோயாளி வருகிறார். இவரோ நோயாளியைத் தேடிப் போகிறார்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் இதற்கு மிக நெருக்கமான பட்டம் 'பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம்'. மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியுமாக நான்கு ஆண்டுகள். உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல் ஆகியவற்றில் தொடங்கி, மூச்சுப்பாதையைத் திறந்து வைத்தல், ஈ.சி.ஜி. வாசித்தல், எலும்பு முறிவையும் முதுகெலும்புக் காயத்தையும் அசையாமல் கட்டுதல், நின்றுபோன இதயத்தை மீட்டல் எனப் படிப்பு விரிகிறது.

இந்தத் தொழிலுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று எண்ணுவோரும் உண்டு. 2021ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளரைப் 'பாராமெடிக்' என்ற பெயருடனேயே தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. எத்தனை மணி நேரக் கல்வி, எத்தகைய பதிவு என்பதையெல்லாம் வரையறுக்கும் காலம் தொடங்கிவிட்டது. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நீண்ட காலமாக இருந்துவரும் அங்கீகாரம் இவர்களுக்கு இப்போதுதான் வருகிறது. புதிதாகத் திறக்கும் கதவில் முதலில் நுழைபவருக்கு இடமும் உண்டு, பொறுப்பும் உண்டு.

முதல் சில நிமிடங்கள்

நம் ஊரின் இருப்பிடத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கை முறுக்குக்கும் தறிக்கும் பெயர் பெற்ற ஊர் இது. சேலம், திருச்செங்கோடு, ராசிபுரம் என மூன்று திசைகளுக்கும் வண்டிகள் ஓடும் சாலைகள் நம்மைச் சுற்றியுள்ளன. வடக்கே சற்றுத் தொலைவில் சேலம் - கோவை நான்குவழிச் சாலை. கிழக்கே ராசிபுரத்தைக் கடந்து செல்லும் சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலை. லாரிக்கு நாமக்கல், ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு என்று நாடே சொல்லும் வட்டாரம் நம்முடையது. இந்தச் சாலைகளில் விபத்தைக் கண்ணால் காணாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது.

விபத்து நடந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஓடிப் போகிறோம், அந்த ஈரம் நம் மக்களிடம் நிறையவே உண்டு. அடிபட்டவரை நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்குகிறோம். கழுத்து மடங்குகிறதா என்று பார்ப்பதில்லை. ஆட்டோவின் இருக்கையில் மடக்கி உட்கார வைக்கிறோம். வாயில் தண்ணீர் ஊற்றுகிறோம். நல்ல எண்ணத்தோடுதான் எல்லாம் செய்கிறோம். ஆனால் முறிந்த கழுத்தெலும்பு அந்த அசைவில் தண்டுவடத்தை நசுக்கிவிட்டால், உயிர் பிழைத்தவர் எஞ்சிய வாழ்நாளைப் படுக்கையில் கழிக்க நேரிடும். நினைவிழந்தவரின் வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போய் மூச்சையே அடைக்கும்.

மாரடைப்பில் காலக்கணக்கு இன்னும் கடுமையானது. இதயம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்குகிறது. நெஞ்சை அழுத்தாமலும் மின்னதிர்ச்சி தராமலும் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்று மருத்துவ உலகம் கணக்கிட்டுள்ளது. நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்கிறாரா இல்லையா என்பதே அங்கே பெரும் வேறுபாடு. சேலம் அரசு மருத்துவமனையில் எவ்வளவு திறமையான மருத்துவர் காத்திருந்தாலும், நம் ஊரிலிருந்து அங்கே போய்ச் சேரும் வரையிலான நேரத்திற்கு அவரால் பொறுப்பேற்க இயலாது. அந்த நேரம் பாராமெடிக்கின் கையில் இருக்கிறது.

பக்கவாதமும் அப்படியே. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் தந்தாக வேண்டும். வாய் கோணியிருப்பதையும், கை ஒருபக்கம் தளர்ந்திருப்பதையும் கண்டவுடனே இன்னதென்று உணர்ந்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு செல்லத் தெரிந்தவர் தேவை. தெரியாவிட்டால் மூன்று மருத்துவமனை வாசல்களில் ஏறி இறங்கியே அந்த நேரம் தீர்ந்துவிடும்.

108 தந்தது என்ன, இன்னும் தேவைப்படுவது என்ன?

2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கிய 108 சேவை, 2008 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டிற்கு வந்தது. அதற்கு முன்பு ஆம்புலன்ஸ் என்றால் பெரும்பாலும் படுக்கை போட்ட ஒரு வேன்; ஓட்டுநர் மட்டும் இருப்பார். 108 வந்த பின்னரே ஓட்டுநருடன் மருத்துவ உதவியாளர் ஒருவரும் வண்டியில் வருவதை நம் மக்கள் கண்டார்கள். ஓடும் வண்டியிலேயே பிரசவம் பார்த்துத் தாயையும் சேயையும் காத்த செய்திகள் எத்தனையோ நாளிதழ்களில் வந்துள்ளன. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

அந்த உதவியாளர்கள் யார்? செவிலியப் படிப்பு முடித்தவர்கள், ஆய்வக நுட்பப் படிப்பு முடித்தவர்கள், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்கள் எனப் பல வழிகளில் வருபவர்கள். பணியில் சேருமுன் ஏறத்தாழ 50 நாட்கள் பயிற்சி தரப்படுகிறது. அந்தப் பயிற்சியோடு அவர்கள் ஆற்றிவரும் தொண்டு மெச்சத்தக்கது. ஆயினும் 50 நாட்களில் கற்பதற்கும் நான்காண்டு கற்பதற்கும் வேறுபாடு உண்டு. செய்முறையை 50 நாட்களில் பழகலாம். ஒரே நெஞ்சுவலி ஒருவருக்கு மாரடைப்பாகவும் இன்னொருவருக்கு நுரையீரல் அடைப்பாகவும் இருக்கும்போது, எதற்கு எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று இனங்காணும் அறிவு நீண்ட படிப்பிலும் மருத்துவமனை அனுபவத்திலுமே வாய்க்கும்.

இந்தத் தேவையை அரசும் உணர்ந்துள்ளது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்க வழி செய்தது. மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகு பணம் ஒரு தடையாகாமல் இருக்க ஏற்பாடு வந்துவிட்டது. நுழையும் வரை உயிரைக் காத்துத் தர ஆட்கள் வேண்டும்.

நம் வாகனங்களின் உள்ளே

இப்போது நம் சமுதாயத்தின் பக்கம் வருவோம். தமிழ்நாட்டு முஸ்லிம்களின் பொதுத்தொண்டில் ஆம்புலன்ஸுக்குத் தனி இடம் உண்டு. தமுமுக போன்ற அமைப்புகள் மாநிலமெங்கும் ஆம்புலன்ஸ்களை இயக்கி வருகின்றன. பல ஊர் ஜமாஅத்துகளும் வெளிநாடு வாழ் சகோதரர்களின் உதவியுடன் சொந்தமாக வாகனம் வைத்துள்ளன. கொரோனாப் பெருந்தொற்றின்போது உறவினரே அருகில் வர அஞ்சிய உடல்களை, எந்த மதத்தவர் என்று பாராமல், அவரவர் முறைப்படி நல்லடக்கம் செய்தவர்களில் நம் இளைஞர்கள் முன்னணியில் நின்றார்கள். இரத்த தானத்திலும் அவ்வாறே. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அல்லாஹ் தந்த நற்பேறு என்று நன்றியோடு நினைவுகூர்கிறோம்.

ஆனால் அந்த வாகனத்தின் பின்கதவைத் திறந்து பாருங்கள். ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது, வாகனம் வழங்கியவரின் பெயரும் துஆ வேண்டுகோளும் கதவில் எழுதப்பட்டிருக்கின்றன. நோயாளியின் அருகே இருப்பவர் யார்? நாம் பார்த்தவற்றில் பெரும்பாலும், அழுதுகொண்டிருக்கும் மகனோ மனைவியோதான். ஆக்சிஜன் முகமூடியை எப்படிப் பொருத்துவது, எவ்வளவு திறப்பது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஓட்டுநர் வண்டியை ஓட்டுவாரா, திரும்பிப் பார்ப்பாரா?

ஒரு ஆம்புலன்ஸ் வாங்க நாம் இலட்சக்கணக்கில் திரட்டுகிறோம். வாகனம் சில ஆண்டுகளில் தேய்ந்து பழைய இரும்புக்குப் போகும். அதே தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தால், அவர் முப்பது ஆண்டுகள் உயிர் காப்பார். பின்வருவோருக்குக் கற்றும் கொடுப்பார். ஸதகத்துல் ஜாரியா என்று நாம் தேடி அலையும் நிலையான தர்மத்திற்கு இதைவிடத் தெளிவான வழி உண்டா?

மார்க்கம் காட்டும் வழி

ஓர் உயிரை வாழ வைப்பதை மனித குலம் முழுவதையும் வாழ வைத்ததற்கு ஒப்பாக உயர்த்திச் சொல்கிறது அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம். மேடைகளில் இதை அடிக்கடி கேட்கிறோம். ஆனால் உயிரை வாழ வைக்க ஆசை மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்ற அடுத்த படிக்கு நாம் போவதில்லை.

நம் அறிஞர்கள் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். ஊரில் போதுமானவர்கள் அதைக் கற்றுச் செய்தால் மற்றவர் மீதுள்ள கடமை நீங்கும்; யாருமே செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும். ஹிஜ்ரி 505, அதாவது கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம்முடைய 'இஹ்யாவு உலூமித்தீன்' நூலில், முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்கள் பல இருந்தும் மருத்துவம் கற்க யாரும் முன்வராததையும், எல்லோரும் ஏற்கெனவே ஆட்கள் நிறைந்த சட்டக் கலையின் பக்கமே விரைவதையும் கண்டித்து எழுதினார். ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் அந்தக் கண்டிப்பு நமக்குப் பொருந்துகிறது. எல்லோரும் போகும் படிப்பையே பார்த்து நாமும் போகிறோம். ஊருக்கு எது இல்லை என்று பார்ப்பதில்லை.

பெண்களைப் பற்றிய கேள்விக்கும் விடையை நம் வரலாற்றிலேயே தேடுவோம். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் அமைக்கப்பட்டது. அங்கே காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தவர் ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரலி) என்ற பெண்மணி என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணி, தாமும் பிற பெண்களும் நபி (ஸல்) அவர்களுடன் போர்களுக்குச் சென்று தண்ணீர் வழங்கியதையும், காயமுற்றோருக்கு மருந்திட்டதையும், அவர்களை மதீனாவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததையும் அறிவித்துள்ளார். அந்த அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. களத்திற்குப் போவது, முதல் சிகிச்சை தருவது, ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. இன்றைய பாராமெடிக்கின் பணி இந்த மூன்றும்தானே?

நம் வீட்டுப் பெண்கள் பிரசவ வலியில் துடிக்கும் வேளையில் வண்டியில் ஒரு பெண் இருந்தால் நன்றாக இருக்குமே என்று எண்ணாத குடும்பம் நம்மில் இல்லை. அந்தப் பெண் யாருடைய மகளாகவோ இருக்கட்டும், நம் மகளாக இருக்க வேண்டாம் என்று நினைப்பது எந்த நியாயத்தில் சேரும்? பணியின்போது பேண வேண்டிய உடை, ஒழுக்கம், தொழுகை நேரம் ஆகியவை குறித்து ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். கேட்காமலேயே கதவை அடைப்பது மார்க்கம் ஆகாது.

ஒடுக்கப்பட்டோர் காட்டிய முன்மாதிரி

பாராமெடிக் தொழிலின் வரலாற்றில் நாம் அறிந்திருக்க வேண்டிய ஓர் அத்தியாயம் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்பது கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஏழைப் பகுதி. 1960களில் அங்கே நோயாளியை ஏற்றிச் சென்றது போலீஸ் வேன். பின்னால் கிடத்திவிட்டு, காவலர்கள் முன்னால் அமர்ந்து ஓட்டிச் செல்வார்கள். உள்ளே மூச்சு இருக்கிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்க ஆளில்லை.

1967இல் அந்த மக்களிடையே 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை உருவானது. செயற்கைச் சுவாசமும் நெஞ்சு அழுத்தமும் இணைந்த உயிர்மீட்பு முறையை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவரான மருத்துவர் பீட்டர் சஃபார், வேலையின்றி இருந்த அப்பகுதி இளைஞர்களைத் தேர்ந்து கடும் பயிற்சி அளித்தார். எதற்கும் உதவாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிய அந்த இளைஞர்களே, அந்நாட்டின் முதல் பாராமெடிக்குகளாக வரலாற்றில் இடம்பெற்றார்கள். பின்னர் அவர்களுக்கு மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கரோலைன் எழுதிய பாடநூல், அத்துறை மாணவர் பலரும் பயிலும் நூலானது. 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. அமைப்பு மறைந்தாலும் அது வகுத்த தரம் நிலைத்தது.

தமக்குச் சேவை கிடைக்கவில்லை என்று குறை கூறியதோடு அந்த மக்கள் நிற்கவில்லை. தம் பிள்ளைகளைச் சேவை செய்பவர்களாக ஆக்கினார்கள். பிறகு நகரம் முழுவதற்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள். நமக்கான பாடம் இதில் இருக்கிறது.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

இந்தப் படிப்பில் எல்லாம் இனிப்பே என்று சொன்னால் அந்தத் தந்தைக்கு நாம் செய்யும் துரோகம் ஆகும். பணி கடினமானது. 108 சேவையில் 12 மணி நேரப் பணி. இரவும் உண்டு, பெருநாளும் உண்டு. ஊதியமும் பணிப் பாதுகாப்பும் போதவில்லை என்று அதன் ஊழியர்கள் பலமுறை போராடியுள்ளார்கள். குழந்தையின் உடலைத் தூக்க நேரும் நாட்கள் உண்டு; அவை மனத்தை எளிதில் விட்டுப் போகா. பட்டம் பெற்றவுடன் அரசுப் பணி காத்திருக்கும் என்ற உறுதியும் இல்லை.

அதே வேளையில், பணிக்கான இடம் ஆம்புலன்ஸ் மட்டுமன்று. மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆலைகளின் முதலுதவி மையம் எனப் பல இடங்களில் இவர்கள் தேவைப்படுகிறார்கள். வளைகுடா நாடுகளில் ஆம்புலன்ஸ் பணிக்கு முறையான கல்விச் சான்றும் அனுபவமும் உரிமத் தேர்வும் கேட்கிறார்கள். பிரிட்டனில் 'பாராமெடிக்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டப்பெயர். பதிவு பெறாதவர் அதைப் பயன்படுத்தவே முடியாது. 2021 செப்டம்பர் முதல் அங்கே இதற்குப் பட்டப்படிப்பே அடிப்படைத் தகுதி. நம் நாட்டுப் பட்டம் அங்கெல்லாம் தானாக ஏற்கப்பட்டுவிடாது என்றாலும், உலகம் எந்தத் திசையில் போகிறது என்பதை இவை காட்டுகின்றன. இனி வரும் காலத்தில் குறுகிய காலச் சான்றிதழைக் காட்டிலும் பட்டமே எடைபோடப்படும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பேருந்து நிலையச் சுவரெங்கும் 'பாராமெடிக்கல் படிப்பு, உடனடி வேலை' என்ற விளம்பரங்களைக் காண்கிறோம். மாடியில் இரண்டு அறைகளும் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடும் வைத்துக்கொண்டு, யாரும் ஏற்காத சான்றிதழ் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. தறிக்கூலியைச் சேர்த்துக் கட்டிய பணம் அங்கே வீணாகும். எனவே சேரும் முன் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்றதா, அல்லது அங்கீகாரமுள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததா? பட்டத்தில் அச்சாகும் பெயர் என்ன? நாள்தோறும் விபத்து நோயாளிகள் வரும் மருத்துவமனை அதனோடு இணைந்துள்ளதா? இறுதியாண்டுப் பயிற்சி எங்கே? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். தரகர் வழியாகவும் போக வேண்டாம்.

தமிழ்நாட்டில் இத்தகைய பட்டப்படிப்புகளுக்கு மேல்நிலைத் தேர்வில் பெற்ற இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களைக் கொண்டு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்தி வந்துள்ளது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழை முன்கூட்டியே சரியாக வாங்கி வைக்காததால் அந்த இடத்தை இழப்போர் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்குப் 'புதுமைப்பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவருக்கு 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் உண்டு. சிறுபான்மையினருக்கான கல்விக் கடனை டாம்கோ வழங்குகிறது. இவற்றையெல்லாம் ஒரு தறித் தொழிலாளி தனியே தேடி அறிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. ஜமாஅத் எதற்காக இருக்கிறது?

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பிள்ளையின் நான்காண்டுப் படிப்பைப் பொறுப்பேற்கட்டும். பைத்துல்மாலில் இருந்தோ, ஸதகாவில் இருந்தோ செய்யலாம். ஜகாத் நிதியைத் தகுதியுள்ள ஏழை மாணவருக்கு எவ்வாறு தருவது என்பதை ஆலிம்கள் வழிகாட்டட்டும்.

படித்து வந்தவரை நம் ஆம்புலன்ஸ்களில் நல்ல ஊதியத்துடன் பணியமர்த்துவோம். 'சேவைதானே' என்று சொல்லிக் குறைந்த கூலி தருவது அநீதி. ஒரு ஜமாஅத்தால் இயலாவிட்டால் அருகிலுள்ள மூன்று நான்கு ஜமாஅத்துகள் சேர்ந்து செய்யட்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. நெஞ்சு அழுத்தும் முறையையும் இரத்தப்போக்கை நிறுத்தும் முறையையும் சில மணி நேரத்தில் கற்கலாம். ஆண்டுக்கு இருமுறை பள்ளிவாசல் வளாகத்தில் பயிற்சி நடத்துவோம்; பெண்களுக்குத் தனியே நடத்துவோம். அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களையும் அழைப்போம். சாலையில் கிடப்பவரின் மதத்தை எந்தச் சைரனும் கேட்பதில்லை.

இறுதியாக, அன்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போன அந்தச் சகோதரருக்கு நம் பதில் இது:

பாய், மகளைச் சேருங்கள். நல்ல கல்லூரிதானா என்று விசாரிக்கும் பொறுப்பை எங்களிடம் விடுங்கள். கலந்தாய்வுக்கு உடன் வருகிறோம். கட்டணத்தில் உங்களால் இயலாததை ஜமாஅத்தில் பேசுவோம். அவள் படித்து முடித்து வரும் நாளில், வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸின் பின்கதவை அவளுக்காகத் திறந்து வைத்திருப்போம், இன்ஷா அல்லாஹ். அன்றைய தினம் தெளிவான பதில் தராமல் உங்களைத் திருப்பி அனுப்பியதற்கு எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு வழங்கவும், அக்கல்வியால் அனைத்து மக்களும் பயன்பெறவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.